பட்டறைத் திண்ணை: செம்புக்குழாயும் டீசலும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். பழைய லாரிக்கு டீசல் லைனை நாமே மாற்றலாமா, எந்தக் குழாய், எந்த ஓஸ், எந்த டேங்க். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். தேவகோட்டைக்காரர் கேட்டிருப்பதுதான் எல்லாவற்றுக்கும் தாய்க்கேள்வி, அதனால் அதற்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்களுடையது பழைய 6 சிலிண்டர் லாரி, நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசல் தள்ளுகிற மைக்கோ பம்ப் வண்டி. தைலமரக் கட்டை ஏற்றுகிறோம். டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் (டீசலை உறிஞ்சிக் கொடுக்கிற பம்ப்) வரைக்கும் பைப் துருவேறிப் போய் அங்கங்கே ஓஸ் வைத்து ஒட்டுப்போட்டு ஓடுகிறது. மொத்தமாகக் கழற்றிப் புதுசு போடப் போகிறேன். லைனைக் கொஞ்சம் பெரிசாக்கி, கூட ஒரு ஃபில்டரும் வைத்தால் வண்டி நன்றாக இழுக்கும் என்கிறார்கள். வீட்டில் ஐயா காலத்தில் வாங்கிப் போட்ட செம்புக்குழாய் ஒரு சுருள் அப்படியே கிடக்கிறது. அதைப் போட்டுவிடலாமா? செம்பு துருப் பிடிக்காதே? (தேவகோட்டை வாசகர்)

துருப் பிடிக்காது, சரிதான். குழாய்க்கு ஒன்றும் ஆகாது. டீசலுக்குத்தான் ஆகும்.

வீட்டில் ஆச்சி இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஈயம் போன பித்தளைச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் காலையில் என்ன ஆகும் என்று. சட்டி அப்படியேதான் இருக்கும், குழம்பில்தான் களிம்பு ஏறியிருக்கும், வாயில் வைக்க முடியாது. அதற்காகத்தானே வருஷா வருஷம் ஈயம் பூசுகிறவரைத் தேடி அலைந்தார்கள். டீசலும் நாள்பட நாள்படப் புளிக்கத்தான் செய்கிறது. காற்றில் இருக்கிற ஆக்சிஜன் டீசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அமிலமும் பிசினும் உண்டாகும். அது சும்மா இருந்தாலே மெதுவாக நடக்கிற வேலை, செம்பு பக்கத்தில் இருந்தால் அந்த வேலை ஓடத் தொடங்கிவிடும். செம்பு ஒரு கிரியா ஊக்கி. துளியூண்டு செம்பு கரைந்து டீசலில் கலந்தாலே போதும்.

அந்தப் பிசின் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால் பரவாயில்லை. ஃபில்டரில் போய் உட்காரும், இஞ்சினுக்குள் டீசல் தெளிக்கிற நாசிலில் உட்காரும், மைக்கோ பம்புக்குள்ளே டீசலைத் தள்ளுகிற தண்டான பிளஞ்சரில் உட்காரும். பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்குகிற பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றுதான் ஒரு மைக்ரான்). நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று புரியும். அங்கே பிசின் போனால் பம்பைச் சோதித்துச் சரிபார்க்கிற பெஞ்சுக்குப் போக வேண்டியதுதான், செம்புக்குழாயில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோ சத்தத்துக்குக்கூடக் காணாது.

"அந்தக் காலத்து வண்டியில் எல்லாம் செம்புதானே போட்டிருந்தான்" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டீசல் வேறு. 2010 வாக்கில் வந்த பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகைவிதி) டீசலில் கந்தகம் 350 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது அது 50 ஆனது, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது 10 ஆனது. கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலிலேயே இயற்கையாக இருந்த சில நல்ல சரக்கும் சேர்ந்து போய்விடுகிறது, அதற்குப் பதிலாக மருந்து கலந்துதான் விற்கிறார்கள். போதாததற்கு, நம் நாட்டு டீசல் தரவிதியே 7 சதவீதம் வரைக்கும் பயோடீசல் கலக்க இடம் கொடுக்கிறது. பயோடீசலுக்கும் செம்புக்கும் சுத்தமாக ஆகாது. உங்கள் வண்டி பழையதுதான், ஆனால் நீங்கள் பங்கில் ஊற்றுகிற டீசல் பழையது இல்லையே.

இன்னொன்றும் உண்டு. செம்பு ஆட ஆட இறுகும். லாரி சேஸிஸில் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தால், குழாயை இணைக்கிற யூனியன் நட்டுக்குள்ளே விரித்துவிட்ட வாய் இருக்கிறதே, அதன் கழுத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். பழைய மேஸ்திரிகள் இஞ்சின் பக்கம் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அழகுக்காகச் செய்தது இல்லை, இந்த அதிர்வுக்காகத்தான்.

சரி, வேறு எதைப் போடுவது? இரண்டே வழிதான். ஒன்று பண்டி பைப் என்று கேட்டால் கிடைக்கிற இரும்புக்குழாய், வெளிப்பூச்சு உள்ளதாக. இன்னொன்று எரிபொருளுக்கென்றே வருகிற நைலான் குழாய். உங்களுக்கு என் ஓட்டு நைலானுக்குத்தான். கம்பெனியிலிருந்து வருகிற லாரிகள் பலவற்றிலேயே டீசல் லைன் நைலான்தான், அதனால் "பிளாஸ்டிக்கா" என்று முகம் சுளிக்க வேண்டாம். இரும்பைக் கையால் வளைத்தால் மடங்கிப் போகும், பெண்டர் வேண்டும், வாய் விரிக்க டூல் வேண்டும். நைலானுக்கு நல்ல கத்தி ஒன்று போதும். நேராக வெட்டுங்கள், ஹேக்சா வைத்து அறுக்காதீர்கள், அந்தத் தூள் உள்ளே போகும். குழாயின் மேலேயே நைலான் ரகத்தைச் சொல்கிற பி.ஏ.12 அல்லது பி.ஏ.11 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத வெறும் கருப்புக் குழாய் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். யூனியன் போடும்போது குழாய்க்கு உள்ளே ஒரு சின்னக் குழல் செருகியிருக்க வேண்டும், அது இல்லாமல் நட்டை முறுக்கினால் நைலான் நசுங்கி நாலு நாளில் காற்று இழுக்கும். அப்புறம் சைலன்சரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள். தள்ள முடியாத இடத்தில் மட்டும் இரும்பு.

சேஸிஸிலிருந்து இஞ்சினுக்குத் தாவுகிற அந்தக் கடைசி ஒன்றரை அடிக்கு ரப்பர் ஓஸ்தான், ஏனென்றால் இஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது. ஓஸ் பற்றித் தனியாகவே ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்.

லைனைப் பெரிசாக்கினால் இழுக்குமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் லாரி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, 60-ல் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 15 லிட்டர். நிமிஷத்துக்குக் கால் லிட்டர். ஒரு பெரிய டம்ளர் காப்பி, அவ்வளவுதான் இஞ்சின் குடிக்கிறது. ஃபீடு பம்ப் அதைப்போலப் பல மடங்கு தள்ளி, மிச்சத்தை ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. குழாயை எவ்வளவு பெரிசாக்கினாலும் இஞ்சின் ஒரு டம்ளருக்கு மேல் குடிக்காது. கம்பெனி போட்ட உள்ளளவுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இழுவை குறைந்திருக்கிறது என்றால் ஒட்டுப்போட்ட ஓஸ் வழியாகக் காற்று போவதுதான் காரணமாக இருக்கும், புதுக்குழாய் போட்டதும் அது தானாகவே சரியாகும், லைன் பெரிசானதால் என்று ஊரில் சொல்லிக்கொள்வீர்கள்.

கூடுதல் ஃபில்டர் வைப்பது நல்ல யோசனை. ஆனால் ஃபீடு பம்புக்கு முன்னால், அதாவது இழுக்கிற பக்கம் வைப்பதாக இருந்தால் தண்ணீர் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர் வையுங்கள், 30 மைக்ரான் மாதிரி முரட்டுச் சல்லடையாக. நைஸ் ஃபில்டரை அந்தப் பக்கம் வைத்தால் பம்ப் உறிஞ்சத் திணறும். நைஸ் எல்லாம் பம்புக்கு அப்புறம்தான்.

அண்ணே, பைக்குக்குப் போடுகிற ஓஸ், ஆர்.ஓ. மெஷின் டியூப், கேஸ் அடுப்பு டியூப், இதில் எதை அவசரத்துக்குப் போடலாம்? எனக்குச் சின்ன லோடு வண்டி. (கல்லல் வாசகர்)

அவசரத்துக்கு என்று போட்டதை யார் தம்பி மறுபடி கழற்றியிருக்கிறார்கள்? மூன்றும் வேண்டாம்.

நான் ஒரு காரியம் செய்து பார்த்தேன். காலி ஊறுகாய் பாட்டில்கள் நாலைந்தில் டீசல் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு ஓஸ் துண்டு. ஒரு மாதம் பட்டறை அலமாரியில் கிடந்தது. சைக்கிள் டியூப் துண்டு அப்பளம் மாதிரி உப்பி, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பி.வி.சி. ஓஸ் நேர்மாறு, அதை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெயை டீசல் உறிஞ்சிக்கொண்டுவிட்டது, விறகு மாதிரி விறைத்து வளைத்ததும் முறிந்தது. ரேடியேட்டருக்கு வருகிற ஈ.பி.டி.எம். ரப்பர் ஓஸ் இருக்கிறதே, பார்த்தால் தடியாக, நூல் பின்னலோடு, விலையும் கூடத்தான், ஆனால் அதுவும் டீசலில் வீங்கிப்போனது. வெந்நீருக்குச் செய்ததை எண்ணெயில் போட்டால் அப்படித்தான். சிலிக்கான் ஓஸ் கலர் கலராக அழகாக இருக்கும், அதுவும் டீசலுக்கு இல்லை.

தாக்குப்பிடித்தது நைட்ரைல் ரப்பர் ஓஸ். டீசல் ஓஸ் என்று கேட்டு, அதிலும் மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 அல்லது ஆர்9 என்று எழுத்து உள்ளதாக வாங்குங்கள். ஆர்9-ல் உள் பூச்சு வைட்டான் வகை ரப்பர், விலை அதிகம், ஆனால் இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற துண்டுக்கு அதையே போடுவேன். அடி கணக்கில்தானே வாங்குகிறோம், ஒன்றரை அடிக்குக் கஞ்சத்தனம் எதற்கு.

கிளிப்பையும் பாருங்கள். ஓரம் கத்தி மாதிரி இருக்கிற சாதாரணக் கிளிப், ஸ்குரூவை முறுக்க முறுக்க ரப்பரை அறுக்கும். ஓரம் மடித்து உருட்டிய கிளிப் கிடைக்கிறது. இரண்டுக்கும் சில ரூபாய்தான் வித்தியாசம்.

ஜி.ஐ. ஷீட்டில் 200 லிட்டர் டேங்க் செய்து தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். கம்பெனி டேங்கோடு சேர்த்து மாட்டினால் நடுவில் எங்கும் நிற்காமல் ஓட்டலாமே? (காரைக்குடி வாசகர்)

ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. தண்ணீர்த் தொட்டிக்கு அது தங்கம். டீசலுக்கு விஷம் என்றே சொல்லலாம். டீசலில் இருக்கிற கொஞ்சநஞ்ச அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு வழவழப்பான சரக்கு உண்டாகும். அது டீசலில் கரைந்தே வரும், ஃபில்டரையும் தாண்டும், நாசில் வாயில் சூடு பட்டதும் படியும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு வண்டிக்கு வீட்டுத் தண்ணீர் லைனில் மிஞ்சிய ஜி.ஐ. எல்போவும் நிப்பிளும் போட்டுக்கொடுத்து, "நல்ல கனமான சாமான்" என்று பெருமை வேறு பேசினேன். ஆறு மாதத்துக்குள் அந்த வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ஓனர் ஒன்றும் பேசவில்லை, நாசிலைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

டேங்குக்கு அலுமினியம் நல்லது, 5052 என்கிற ரகம். வெறும் எம்.எஸ். (பூச்சில்லாத சாதாரண இரும்பு) ஷீட்கூடப் போதும், உள்ளே பெயின்ட்டும் வேண்டாம், ஜி.ஐ.யும் வேண்டாம், அடியில் தண்ணீர் நிற்க விடாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஓடும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில்தான் தங்கும். இருக்கிறதிலேயே தாழ்வான இடத்தில் ஒரு டிரெயின் பிளக், உறிஞ்சுகுழாயின் நுனி தரையிலிருந்து ஒரு இஞ்சு மேலே, ரிட்டர்ன் குழாய் அதிலிருந்து தள்ளி. மூச்சுவிட வென்ட் கட்டாயம். 200 லிட்டர் டீசல் சுமாராக 165 கிலோ, அது வளைவில் ஒரே பக்கம் சாய்ந்து அடிக்கும், அதனால் நடுவே தடுப்புத் தகடுகள் வேண்டும், தகட்டின் அடியிலும் மேலேயும் ஓட்டை விட்டு.

இப்போது பட்டறைக்காரரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். புது டேங்கை வெல்டிங் வைக்கட்டும், ஒரு தடவை டீசல் ஊற்றிய டேங்கை மட்டும் தொடக் கூடாது. டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்று ஒரு அசட்டுத் தைரியம் எல்லாரிடமும் இருக்கிறது. நம் நாட்டு டீசலின் ஆவி பற்றிக்கொள்கிற சூடு குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும் என்பதுதான் தரவிதி. சித்திரை வெயிலில் காரைக்குடியில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது, வெயிலில் கிடக்கிற டேங்க்கைக் கையால் தொட முடியாது. காலி டேங்க் என்பதுதான் ஆபத்து, நிறைய டீசல் இருந்தால் ஆவிக்கு இடமே இல்லை. ஓட்டை அடைக்க வேண்டும் என்றால் அதற்கென்று கழுவி ஆவி போக்கித் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் வேறு டேங்க் வாங்குங்கள்.

அப்புறம் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கூடுதல் டேங்க் என்றால் வண்டியின் வெற்று எடையே மாறும். ஷீட் வெட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நடை கேட்டுவிடுங்கள், எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்குத் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு அடிக்கிறோம். அலுமினிய டேங்க்தான், ஆனாலும் இரும்புப் பட்டை பிடிக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் குழி விழுகிறது. அலுமினியம் துருப் பிடிக்காது என்றார்களே? (திருப்பத்தூர் வாசகர்)

இந்தக் கேள்வியை உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் கேட்க ஆள் இருக்கிறதே! காரைக்குடியில் சிக்ரி என்று நாம் சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதைத்தான் படிக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த இடம். மண்டபத்தில் அவர்களுக்குக் கடல் ஓரமாகவே ஒரு அரிமான நிலையம் உண்டு, உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் விட்டு வைத்து எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க.

உங்கள் டேங்கில் நடப்பது ஒரு பேட்டரி. அலுமினியம் ஒரு தகடு, இரும்புப் பட்டை இன்னொரு தகடு, நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டில் இளைத்தது அலுமினியம், அதுதான் கரையும். இரும்பும் அலுமினியமும் நேராகத் தொடாமல் இடையில் ஒரு ரப்பர் பட்டை வையுங்கள். பழைய டயர் டியூபை வெட்டி வைத்தால் வேலைக்கு ஆகும், ஆனால் அது உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாதபடி உப்பு இறக்கிய அன்றைக்கே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். குழி ஆழமாக விழுந்திருந்தால் டேங்கைத் திருப்பி மாட்டிப் பட்டையை வேறு இடத்தில் உட்கார வைப்பதெல்லாம் ஒரு வருஷத்துக்குத்தான்.

செம்பு ஆகாது என்று போன மாதம் போனில் சொன்னீர்கள். பேஞ்சோ போல்ட்டில் (நடுவே துளை வழியாக டீசல் போகிற போல்ட்) போடுகிற வாஷர் செம்புதானே, யூனியன் பித்தளைதானே? இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (புதுவயல் வாசகர்)

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தீர்களா! நல்ல கேள்விதான். டீசல் தொடுகிற பரப்பும், தொட்டுக்கொண்டு நிற்கிற நேரமும்தான் கணக்கு. செம்பு வாஷரில் டீசல் படுவது உள் விளிம்பில் ஒரு நூல் அளவுக்கு. எட்டு மீட்டர் செம்புக்குழாய் என்றால் டேங்கிலிருந்து இஞ்சின் வரைக்கும் வழியெல்லாம் செம்பு, அதிலும் வண்டி நிற்கிற நாலு நாளும் அந்த டீசல் அதற்குள்ளேயே ஊறும். வாஷர் போடலாம், பித்தளை யூனியனும் ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, இரும்பு யூனியன் கிடைத்தால் அதைப் போடுங்கள். ஆனால் கழற்றின வாஷரையே மறுபடி போட்டால் ஒழுகும், ஏனென்றால் அது நசுங்கி இறுகிப் போயிருக்கும். புதுசு போடுங்கள், இல்லையென்றால் பழையதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மறுபடி இளகிவிடும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். பிளம்பிங் பழக்கத்தில் சுற்றிவிடுவார்கள், அதன் பிசிறு ஒன்று பிய்ந்து பம்புக்குள் போனால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த யூனியன்கள் மரையால் அடைப்பவை இல்லை, வாஷரும் வாயும்தான் அடைக்கின்றன.

புதுசாக நைலான் லைன் போட்டேன், ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஆனால் தினம் காலையில் கைபம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பம்ப் போச்சா? (பள்ளத்தூர் வாசகர்)

ஒழுக்கு இல்லை என்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது. டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவே டீசலைப் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்தக் காற்று மேலே ஏற, லைனில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் உறிஞ்சுவது வெறும் காற்று.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஃபீடு பம்புக்கு முன்னால் ஒரு ஜாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஓஸ் மாட்டி இஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் அதற்குப் பின்னால் எங்கேயோ ஓட்டை. ஒவ்வொரு மூட்டாக டேங்கை நோக்கிப் போய்க்கொண்டே அதே ஓஸை மாற்றி மாற்றி வைத்தால் எந்த மூட்டு என்று பிடித்துவிடலாம். மேலே சொன்ன உள்குழல் செருகாத யூனியன்தான் என் சந்தேகம். பார்த்து முடித்ததும் அந்தக் கண்ணாடி ஓஸைக் கழற்றிவிடுங்கள், அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தால் கொஞ்ச நாளில் மஞ்சளாகி விறைத்து உடையும். பம்பில் இருக்கிற ரப்பர் வளையங்களையும் பார்த்துவிடலாம், ரொம்ப வருஷத்துப் பழைய நைட்ரைல் வளையம் என்றால் கந்தகம் குறைந்த டீசலுக்குச் சுருங்கியிருக்கலாம். மாற்றும்போது வைட்டான் வளையம் கேளுங்கள். அது வைட்டான்தானா என்று தீக்குச்சி கிழித்துக் காட்டிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதை எரித்தால் வருகிற புகை நுரையீரலை அரிக்கிற அமிலப் புகை.

என்னுடையது பி.எஸ்.6 வண்டி. இதே மாதிரி லைன், ஃபில்டர் எல்லாம் நானே அப்கிரேடு செய்யலாமா? (சிங்கம்புணரி வாசகர்)

வேண்டாம். ஃபில்டர் மாற்றுங்கள், தண்ணீர் டிரெயின் பண்ணுங்கள், அதோடு நிறுத்துங்கள். லாரி டயரில் நாம் அடிக்கிற காற்று 8 பார் சுமார். பி.எஸ்.6 வண்டியின் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான குழாயில்) டீசல் நிற்பது 1,600 பாருக்கும் மேலே. பழைய மைக்கோ பம்ப் வண்டியிலேயே நாசில் திறப்பது 200 பார் பக்கம், அதனால் பழைய வண்டிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பம்புக்கு அப்புறம் நாசில் வரைக்கும் போகிற அந்த மெல்லிய இரும்புக்குழாய்களை லேத்தில் வளைத்துப் போடாதீர்கள், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நீளமாக இருப்பது காரணத்தோடுதான், அந்த வண்டிக்கு வருகிற குழாயையே வாங்குங்கள். ஓடுகிற இஞ்சினில் அங்கே ஒழுக்கு என்றால் விரலை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது, டீசல் சதைக்குள் ஏறியிருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் விரலே போகும். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், அட்டை நனைந்தால் அங்கேதான்.

என் வீட்டுக்காரர் லாரி லைன் மாற்றுகிறேன் என்று பத்து நாளாக வளவு முழுக்கக் குழாயும் ஸ்பேனருமாகப் பரப்பி வைத்திருக்கிறார். ஆத்தங்குடிக் கல்லில் டீசல் கறை. அதுகூடப் பரவாயில்லை, டேங்கில் இருந்த டீசலை எல்லாம் இறக்கி, எங்கள் மாமியார் சீர் கொண்டுவந்த பித்தளை அண்டாவில் ஊற்றி மூடி வைத்திருக்கிறார். "மூடித்தானே இருக்கிறது, ஒரு வாரத்தில் திரும்ப ஊற்றிவிடுவேன்" என்கிறார். நீங்கள் எழுதினால்தான் கேட்பார். (கானாடுகாத்தான் வாசகி)

ஆச்சி, முதலில் அந்த அண்டாவை அடுப்படிக்கும் சாமி விளக்குக்கும் எட்டாத இடத்துக்கு, வீட்டுக்கு வெளியே நிழலில் கொண்டுபோகச் சொல்லுங்கள், இதைப் படித்து முடிக்கும் முன்னாலேயே. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இரண்டும் இருக்கின்றன, அதாவது நான் மேலே ஆகாது என்று எழுதிய இரண்டும் ஒரே பாத்திரத்தில். ஒரு வாரம் கிடந்த டீசலை மறுபடி டேங்கில் ஊற்ற வேண்டாம். எரிபொருளுக்கென்றே வருகிற கேனோ, சுத்தமான பழைய டீசல் பேரலோ போதும். கறைக்கு முதலில் மரத்தூளைக் கொட்டி ஒரு ராத்திரி உறிஞ்ச விட்டுப் பிறகு சோப்புத் தண்ணீர் போட்டுத் துடையுங்கள், ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அந்தக் கல் சிமென்ட், பூவெல்லாம் போய்விடும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் யாரையாவது அழைத்துவந்து அந்த அண்டாவுக்கு ஒரு விலை கேட்கச் சொல்லுங்கள். விற்க வேண்டாம், விலையைக் காதால் கேட்டால் போதும். இரண்டு லாரிக்கு நைலான் லைன் போடுகிற காசு அதில் இருக்கிறது என்று தெரிந்தால் அவரே புளி போட்டுத் தேய்த்துக் கழுவி உள்ளே கொண்டுவந்து வைப்பார்.